இரண்டு காலி அட்டைகள்

"அந்த வரியை அடிங்க. அடிச்சுட்டு அப்புறம் பேசுங்க."

குழந்தைகள் வார்டின் மேஜை முன்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் சீட்டு எடுக்காமல் தூங்குவதுபோல நடிப்பவனைப் பார்க்கும் பார்வை அது. எதிரே நர்ஸ். நடுவில் அவள் மகள் பட்டாணியின் கோப்பு. கோப்பின் மேல் 'மறு அனுமதி' என்று சிவப்பு முத்திரை, மூன்றாவது தடவையாக. அதற்குக் கீழே 'காரணம்' என்ற கட்டத்தில் நர்ஸ் எழுதியிருந்தார்: வீட்டில் மருந்து சரியாகத் தரப்படவில்லை.

"டாக்டரம்மா சொன்னாங்க, எழுதினேன்."

"எழுதினது உங்க கைதானே?"

"கத்தாதீங்கம்மா. இது பஸ் இல்ல."

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் உங்களை இறக்கி விட்டிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தகப்பன் சிரித்தான். அண்ணி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை விழுங்கிவிட்டு அவன் தன் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தான்.

அண்ணி பேருந்து நடத்துநர். பணிமனையில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். பதினோரு வருடமாக ஒரே தடம். வேலையில் சேர்ந்த முதல் வாரம், படிக்கட்டில் தொங்கிய ஒருவன் "பொம்பளை கண்டக்டர்னா வண்டியும் மெதுவாத்தான் போகும்" என்றானாம். அடுத்த நிறுத்தத்தில் அவனை இறக்கிவிட்டு, "இப்ப பாரு, எடை குறைஞ்சிருச்சு" என்று விசிலை ஊதினாளாம். என் அண்ணனைத் தவிர அவள் சண்டை போடாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. அண்ணனை மட்டும் 'என்னங்க' என்பாள். ஊரில் மற்ற ஆண்களெல்லாம் 'யோவ்'. என்னை 'தம்பி'.

பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் பயப்படுகிற தாய்மார்கள் உண்டு. அண்ணிக்குக் கோபம்தான் வரும். பட்டாணி முதல் தடவை மாடிப்படியில் மயங்கி விழுந்தபோது, தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே படியைச் செங்குத்தாகக் கட்டிய வீட்டுக்காரரைத் திட்டினாள். பட்டாணிக்கு ஐந்து வயது. பார்த்தால் மூன்று சொல்லலாம். அவளுடைய நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் சாத்திய கதவைத் தோளால் தள்ளுகிறது. அந்தக் கதவைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது ஒரு மாத்திரை. அரை மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. விடவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

வெட்டுவது அண்ணனின் வேலை. அவன் கண்ணாடிக் கடையில் அறுப்பவன். கோடு கிழித்துத் தட்டினால் கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். பிளேடால் மாத்திரையை வெட்டி, பொடித்து, படச்சட்டங்களுக்குச் சுற்றும் மெல்லிய தாளில் வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் மடிப்பான். அண்ணி விடிவதற்கு முன் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டுத்தான் பணிமனைக்குப் போவாள். மதியமும் இரவும் அண்ணன்.

முதல் மறு அனுமதிக்குக் காரணம் சளி. இரண்டாவதற்குக் காய்ச்சல். இந்தத் தடவை இரண்டும் இல்லை. வீட்டுக்குப் போய் இருபத்தாறாம் நாள், உதடு நீலம் பூத்து, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதியில் சரிந்துவிட்டாள்.

டாக்டரம்மா வந்தார். சுற்றிவளைக்கவில்லை. "மருந்து குறைஞ்சாத்தான் இப்படி ஆகும்."

"ஒரு வேளை தவறலை டாக்டர். என் கையால கரைச்சுக் குடுத்திருக்கேன். போன தடவை நீங்கதான் படுக்கை வேணும்னு சீக்கிரமா துரத்தினீங்க. அதை எழுதுங்க அந்தக் கட்டத்துல."

"வீட்டில இருக்கிற மாத்திரை அட்டையெல்லாம் கொண்டு வாங்க. காலியானதையும். பார்த்துட்டு நானே அடிக்கிறேன்."

"கொண்டு வந்தா இந்த சிஸ்டர் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"முதல்ல கொண்டு வாங்க," என்றார் நர்ஸ், எழுதுவதை நிறுத்தாமல்.

நான்தான் எடுத்துவரப் போனேன். அண்ணன் மாத்திரை வைக்கும் தகர டப்பாவில் இரண்டு அட்டைகள் இருந்தன. இரண்டும் காலி. அலமாரியின் பின்பக்கம் வரை கைவிட்டுத் தேடினேன். வேறு இல்லை.

அண்ணி அவற்றைக் கட்டிலின் விளிம்பில் வைத்துக்கொண்டு உதடு அசையக் கணக்குப் போட்டாள். வண்டி நிறையக் கூட்டம் இருந்தாலும் எத்தனை சீட்டு கிழித்தோம் என்று அவளுக்குத் தெரியும். இருபத்தாறு நாள். நாளுக்கு ஒன்றரை. முப்பத்தொன்பது. அட்டைக்குப் பத்து.

"நாலு அட்டை ஆகியிருக்கணும் தம்பி. மத்த ரெண்டு எங்க?"

"அவ்வளவுதான் இருந்தது அண்ணி."

அவள் மறுபடி கணக்குப் போடவில்லை. அண்ணன் கட்டிலின் மறுபக்கத்தில் பட்டாணியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பிராணவாயு முகமூடிக்குள் பட்டாணி தூங்கினாள்.

"யோவ்," என்றாள் அண்ணி. "வெளிய வா."

பத்து வருடத்தில் அந்தச் சொல் அவன்மேல் விழுந்தது அன்றுதான்.

நானும் பின்னால் போனேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அண்ணன் சுவரோடு நின்று நடந்ததைச் சொன்னான். போன தடவை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பு இல்லை. வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் வேலை செய்யும் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அங்கே இரண்டு அட்டை வாங்கினான். அதே மாத்திரையைத்தான் ஆண்கள் படுக்கையறைக்காக வாங்குகிறார்கள்.

"சிரிச்சாங்க," என்றான். "'என்ன கண்ணாடிக்காரரே, வீட்ல விசில் ஊதிட்டாங்களா?'ன்னு. அன்னைக்கு சாயங்காலம் எங்க கடைக்கே வந்து நடிச்சுக் காட்டினாங்க."

"குழந்தைக்குன்னு சொல்லலையா?"

"சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க. அதுக்கு இதுவே தேவலைன்னு நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். மறுபடி அங்க போக முடியலை. வேற கடை பார்க்கிற வரைக்கும்னுதான் நாலா வெட்டினேன். அப்புறம் அவ நல்லா இருக்கிற மாதிரி இருந்தது."

"இருந்ததா?"

அவன் சுவர்ப் பூச்சை நகத்தால் சுரண்டினான்.

"உன் கௌரவத்துக்காக என் பொண்ணு மூச்சுல பாதியை வெட்டியிருக்கே. அதுவும் எவ்வளவு சுத்தமா. ஒரு தூள் சிந்தியிருக்காது, இல்ல?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ? ராத்திரி மேஜையில உக்காந்து புத்தகம் படிக்கிறப்ப எதிரேதானே வெட்டினாரு?"

நாலாக வெட்டியதை நான் பார்த்திருந்தேன். டாக்டர் குறைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னேன்.

"நினைச்சே. கேக்கலை," என்றாள். 'தம்பி' இல்லை.

மறுநாள் காலை, சீருடையோடு, கழுத்தில் விசில் தொங்க, அண்ணி அந்த மருந்துக்கடைக்குப் போனாள். அண்ணனையும் இழுத்துப் போனாள். நான் பின்னால் நடந்தேன். கடையில் ஐந்தாறு பேர். கல்லாவுக்குப் பக்கத்தில் வேலையற்ற இருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேளு," என்றாள் அண்ணனிடம். "பேரைச் சொல்லிக் கேளு."

அவன் மெதுவாகச் சொன்னான். ஸ்டூலில் இருந்தவன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான்.

"எனக்கே கேக்கலை," என்றாள் அண்ணி. "சத்தமா. எத்தனைன்னு சொல்லு. யாருக்குன்னும் சொல்லு."

அண்ணனின் கழுத்து நரம்பு தெரிந்தது. "நாலு அட்டை," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பொண்ணுக்கு. அஞ்சு வயசு. மூச்சு விட முடியலை."

கடைக்காரர் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். குழந்தையின் வயதும் எடையும் அதில் இருந்தன. "எனக்குத் தெரியாதும்மா. சும்மா தமாஷுக்கு... சாரும் சிரிச்சாரு."

"அவர் சிரிச்சதுக்கு அவர்கிட்ட நான் வச்சுக்கிறேன். முதல் தடவையும் சீட்டு குடுத்துத்தானே வாங்கினாரு? படிக்காமலா எடுத்துக் குடுத்தே? மருந்துக்கடை வச்சிருக்கியா, மகுடி ஊதிக் கூட்டம் சேர்க்கிறியா?" பிறகு ஸ்டூல்காரர்களைப் பார்த்தாள். "விசில் வந்திருக்கு. யாராவது ஊதிக் காட்டணுமா?"

ஒருவன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மற்றவன் போக வழி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் அட்டைகளை உறையில் போட்டார். அண்ணி உறையைப் பிரித்து, நான்கையும் கடை வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

வார்டுக்கு வந்ததும் நேரே மேஜைக்குப் போனாள்.

"அந்த வரியை அடிக்க வேணாம்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், நேத்து அவ்வளவு சத்தம் போட்டீங்களே?"

"நேத்து தெரியாது. இன்னைக்குத் தெரியும். 'வீட்டில்'னு பொதுவா எழுதியிருக்கீங்க. அப்பான்னு எழுதுங்க. என்னையும் சேர்த்து எழுதணும்னா எழுதிக்குங்க, அட்டையை எண்ணாம விட்டேன்."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார். "இருக்கிறதே போதும்," என்றார்.

ஒன்பது நாள் கழித்து பட்டாணியை அனுப்பினார்கள். உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. முழு வாக்கியமும் பேசினாள். அந்த ஒன்பது நாளும் அண்ணி அண்ணனிடம் பேசியது பட்டாணி வழியாகத்தான்: "உங்கப்பாவைத் தண்ணி பிடிச்சுட்டு வரச் சொல்லு." இனி மாத்திரையை வெட்டுவது தானே என்று அறிவித்து, வார்டிலேயே வெட்டிப் பழகினாள். அவள் வெட்டு கோணலாக வரும், தூள் சிந்தும். அண்ணன் எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான். எட்டாம் நாள் அவள் பிளேடை அவன் பக்கம் தள்ளினாள். அவன் இரண்டாக வெட்டினான். இரண்டு பாதியையும் விரல் நுனியில் வைத்துப் பார்த்த பிறகே பொடிக்க விட்டாள்.

கிளம்பும்போது நர்ஸ் கோப்பில் கையெழுத்து வாங்கினார். "உங்களை மறுபடி இந்த வார்டில நான் பார்க்கக் கூடாது."

"உங்க மூஞ்சியைப் பார்க்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள் அண்ணி.

மருந்துப் பையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தான்.