கரண்ட் வைத்தவருக்குத் தனித் தட்டு

இன்று காலை அவிநாசியிலிருந்து காந்திபுரம் வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, "ஏனுங்க அம்மணி, என்ன படிக்கிறீங்க?" என்றார்.

எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிறாங்கல்லங்க, அந்தப் படிப்பு."

குரலைத் தாழ்த்தினார். அவர் கணவருக்குத் தொண்டையில் கரண்ட் வைத்து ஒரு மாதமாகிறதாம். அன்றிலிருந்து தனி அறை, தனித் தட்டு. பேத்தியை அருகில் விடுவதில்லை.

"புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்னங்க பண்றது?"

"ஒட்டாதுங்கம்மா. மெஷினை நிறுத்துனதும் கதிர் நின்னுபோகும். அவரு ஒடம்புல ஒண்ணும் தங்காதுங்க."

"நெசமாலுமா?"

"பரீட்சையிலயே எழுதியிருக்கேனுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். பிறகு, "அவருதானுங்க புள்ளைய எட்டி நில்லுங்கறாரு. நாஞ் சொன்னா நம்ப மாட்டாரு. ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க கண்ணு" என்றார்.

அவரோடு கருமத்தம்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கணவர் நம்பினாரா, தெரியவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் பேத்தி அவர் மடியில் ஏறிவிட்டாள். அவர் இறக்கிவிடவில்லை.

இப்போது காந்திபுரம் பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன். நான் வந்து சேர்வதற்குள் கதிர்வீச்சு உயிரியல் வகுப்பு முடிந்துவிட்டது. வகுப்பில் உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால், இந்த இணையக் குழுவில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் யாராவது எழுதுங்கள்.