எங்கள் மதரஸாவுக்கு அல்லாஹ் அனுப்பிய உஸ்தாத்

என் அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் மீதும் உங்கள் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் அமைதி உண்டாகட்டும்.

போன வருடம் ரமலான் முடிந்த கையோடு எங்கள் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவந்த உஸ்தாத், நோயில் விழுந்த தாயாரைக் கவனிக்கச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இனி வர முடியாது என்று போனில் அழுதார். தக்கலைக்குப் பக்கத்தில் நாற்பது பிள்ளைகள் ஓதுகிற சின்ன மதரஸா. செயலாளர் நான்.

எங்கள் பகுதி மதரஸாக்களை நடத்தும் மார்க்கக் கல்விச் சங்கத்துக்கு நாகர்கோவிலில் அலுவலகம். நான்கு தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் உஸ்தாத் அமையாவிட்டால் பிள்ளைகளை அடுத்த ஊர் மதரஸாவில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். நடுவில் நெடுஞ்சாலை. காலை ஆறரை மணிக்கு லாரிகள் பறக்கும். ஆறு வயதுப் பிள்ளைகள் எப்படிக் கடக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

கமிட்டி கூடியது. தலைவர் என்னைப் பார்த்தார். "நீரு பதினெட்டு வருசம் சவூதியில இருந்தவருல்லா? ஆளு வருத வரைக்கும் நீரே ஓதிக் குடும்" என்றார்.

அங்கே நான் ஓட்டியது லாரி. 'இடது பக்கம் திரும்பு', 'சரக்கை இறக்கு', 'போலீஸ் நிற்கிறான்', இவ்வளவுதான் என் அரபி. வெட்கத்தில் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை தொப்பியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "இந்த எழுத்து இப்பிடி இல்ல, தொண்டைக்குள்ள இருந்து வரணும்" என்றாள். முயன்று பார்த்தேன். தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே குரலில் என்னைப் போலவே இருமினார்கள். பாடம் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சங்கத்தின் மேற்பார்வையாளர் ஹஜ்ரத் வந்து, எழுத்துகளைச் சொல்லச் சொன்னார். அந்த எழுத்து வந்ததும் மதரஸா முழுக்க இருமியது. ஹஜ்ரத் பதறிப்போய், "எல்லாத்துக்கும் சளியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போகும்போது, "இன்னும் எட்டு நாள்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று சாயங்கால அசர் தொழுகையை வீட்டிலேயே தொழுதேன். கையேந்தியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டே கேட்டேன். "யா அல்லாஹ், ஒரு உஸ்தாதை அனுப்பு. முறையா ஓதிப் படிச்ச ஆளா அனுப்பு. பக்கத்துலேயே வீடு இருக்கணும். பிள்ளைகள்ட்ட பொறுமை வேணும்."

"ஆமீன்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். என் மனைவி ரஹ்மத், கையில் தேயிலைக் கிளாஸோடு நின்றாள்.

"படைச்சவன் எப்பளே அனுப்பிட்டான். நீங்கதான் அடுக்களையில நிப்பாட்டி வச்சிருக்கியோ" என்றாள்.

ரஹ்மத் ஐந்து வருடம் மார்க்கக் கல்வி படித்து ஆலிமா பட்டம் வாங்கியவள். கல்யாணமான புதிதில், என் பெண்டாட்டி வேலைக்குப் போகத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னவன் நான். அதன்பிறகு அந்தப் பட்டத்தையே மறந்துபோனேன். பீரோவில் என் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் கிடந்தது.

"இத்தன வருசமா ஏன் பிள்ளே ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"ஒங்ககிட்ட கேக்கல. அவன்ட்டதான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அப்போதுதான் உண்மையாகவே அழுதேன்.

மறுநாள் இருவரும் நாகர்கோவிலுக்குப் போனோம். அவள் ஓத, ஹஜ்ரத் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என்னைத்தான் முறைத்தார். அன்றே பணி உத்தரவு கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இந்த வருடம் சங்கத்தின் பொதுத்தேர்வில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள்.

இப்போது காலைத் தேயிலை போடுவது நான். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் எனக்கும் ஓதிக்கொடுக்கிறாள். பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை என்னிடம் காட்டுவதில்லை. ஆனாலும் ஐம்பத்தாறு வயதில் திருத்தமாக ஓதத் தொடங்கியிருக்கிறேன். இதற்கு நெற்றி தரையில் பட எத்தனை ஸஜ்தா செய்தாலும் போதாது.

அன்பானவர்களே, எந்த நெருக்கடியிலும் அவனிடமே கையேந்துங்கள். நம்பிக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவும் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் காதிலும் விழட்டும்.