விதானையாரின் முழங்காலும் கரண்டு மெசினும்

சாய்ந்தமருதுப் பக்கீர் முகைதீன் பதினாறு வருடமாக வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் பதவி அது. யாருடைய மடையைத் திறப்பது, யாருடையதை அடைப்பது என்று சொல்ல வேண்டும். அதற்காக வரம்பு வரம்பாக நடக்கவும் வேண்டும். சொல்வதில் அவர் குறை வைத்ததே இல்லை. மண்வெட்டியைத் தொட்டு மட்டும் எவரும் கண்டதில்லை. குடையோடு கரையில் நின்று கையை நீட்டுவார், மற்றவர்கள் வெட்டுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவருக்குத் தாகம் எடுத்தால் மனைவி றாஹிலா எழும்ப வேண்டும்.

எண்பத்திரண்டாம் ஆண்டு அறுவடையோடு அவருடைய வலது முழங்கால் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. ஊரே கேட்கும்போது ஒரு முழங்கால் கேட்காமல் போனது பெரிய அவமானம். விதைப்புக்கு முன் கன்னக்கூட்டம் வரும். வயற்காரர் எல்லாம் கூடி அடுத்த போகத்துக்கு விதானையைத் தெரிவுசெய்வார்கள். நடக்க மாட்டாதவருக்கு யார் கை உயர்த்துவார்கள்? பதவி போனால் தன்னை ஒரு ஆளாக யார் மதிப்பார்கள் என்ற பயம் அவரை அரித்தது. எண்ணெய் பூசினார், பத்துப் போட்டார், ஓதி ஊதிய தண்ணீர் குடித்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே பிசியோதெரபி செய்யும் தங்கராசா, ஈரத் துணி சுற்றிய இரண்டு தகடுகளை விதானையாரின் தொடையில் வைத்துக் கட்டி, ஒரு பெட்டியின் குமிழைத் திருகினார். தொடைத் தசை தானாகச் சுருங்கி விரிந்தது. விதானையார் அசந்து போனார். தான் ஒன்றுமே செய்யாமல் தன் கால் வேலை செய்கிறது! வாழ்நாள் முழுதும் அவர் கைக்கொண்ட கொள்கைக்கு யாரோ ஒரு மெசினே செய்து வைத்திருக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் திறந்து உடுங்க தம்பி."

"இது வாய்க்கால் இல்ல விதானையார். உங்கட தொடைத் தசை இளைச்சுப் போய்க் கிடக்கு. கரண்டு அதை எழுப்பித்தான் விடும், மிச்ச வேலை உங்கட. கதிரையில இருந்துகொண்டு காலை நேரா நீட்டி, பத்து எண்ணும் மட்டும் புடிச்சு, மெல்ல இறக்குங்க. ஒரு நேரத்துக்குப் பத்துத் தரம். காலை, பகல், பின்னேரம், மூணு நேரம்."

"ஓம், ஓம்," என்றார் விதானையார்.

ஒரு நாள் செய்தார். மறுநாள் கால் உளைந்தது. மூன்றாம் நாள் றாஹிலாவைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா கா. இந்தக் கதிரையில இருந்து காலை நீட்டு. எப்படிச் செய்யிறெண்டு நான் சரியாப் பாக்கணும்."

றாஹிலாவுக்கும் முழங்கால் நோவு உண்டு. இரண்டு வருடமாக, தரையில் மண்டியிட முடியாமல், வாங்குப் பலகையில் இருந்துதான் தொழுகிறாள். ஆனால் அது பதவி இல்லாத முழங்கால், அதை யாரும் விசாரிக்கவில்லை. அவள் காலை நீட்டினாள். விதானையார் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி எண்ணினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று நேரமும் அவள் நீட்டுவாள், அவர் எண்ணுவார். "ஆடாம நீட்டு கா!" என்ற மேற்பார்வை வேறு. எண்ணி முடிக்கும்போது அவருக்குத்தான் களைக்கும். கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொடையை மெசினிடம் ஒப்படைப்பார். தங்கராசா கேட்டால், "எங்கட வீட்டில ஒரு நேரமும் தப்புறல்ல," என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டரை மாதத்தில் கன்னக்கூட்டம் வந்தது. வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக விதானையார் முன்வரிசையில் இருந்தார்.

"கரண்டு குடிச்ச கால் இது. இனி ஓடும்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அப்துல் ஸமட் என்ற வயற்காரர் எழும்பினார். "நல்ல சங்கதி விதானைக் காக்கா. அப்ப இந்த வாய்க்கால் கட்டால தலைமடை மட்டும் ஒருக்கா நடந்து காட்டுங்க. நாங்களும் சந்தோசப்படுவம்."

விதானையார் தலைமடையை நோக்கிக் கரைவழியே நடந்தார், கூட்டம் பின்னால் போனது. கால்வாசித் தூரத்தில் முழங்கால் மடங்கியது. கரையிலேயே இருந்துவிட்டவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அந்தப் போகத்துக்கு அப்துல் ஸமட் விதானையானார்.

"கரண்டும் பொய், தங்கராசாவும் பொய்," என்று பக்கீர் முகைதீன் வீட்டுக்கு வந்து கத்தினார். கத்தி ஓய்ந்ததும் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடம் ஒரே பின்னேரத்தில் போயிற்று.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. றாஹிலா பாயை விரித்துத் தொழுதாள். அவள் தொழுவதை அவர் என்றைக்கும் கவனித்ததில்லை. இன்றைக்குப் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை. சுஜூதில் நெற்றி தரையில் படக் குனிந்தவள் சுவரைப் பிடிக்காமல், முனகாமல், நேரே எழும்பி நின்றாள். வாங்கு ஒரு மூலையில் கிடந்தது.

தொழுது முடியும் வரை காத்திருந்தார். "உனக்கு எப்ப கா சுகமாச்சு?"

"ஒரு மாசமாச்சு. நீங்க நீட்டச் சொன்னீங்க, நான் நீட்டின."

விதானையாருக்கு வெட்கமாக இருந்தது. மெல்ல எழும்பிப் போய் அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, வலது காலை நீட்டினார். நோவில் உயிர் போனது.

"எண்ணு கா."

"குசினியில வேலை கிடக்கு. நீங்களே எண்ணுங்க."

அவர் எண்ணினார். "ஒண்டு... ரெண்டு... மூணு... நாலு..." தொடை நடுங்கியது. "எட்டு," என்றார்.

"அஞ்சு," என்றாள் றாஹிலா, குசினியிலிருந்து.