காதர் பாயின் பிக்கப்புக்குப் பவர் ஸ்டீயரிங்

பழைய வண்டியில் புதுச் சாமான் மாட்ட ஊரெல்லாம் ஆள் உண்டு; மாட்டியது பிறவியிலேயே அதில் இருந்த மாதிரி தெரிய வேண்டும் என்றால்தான் எங்களிடம் வருவார்கள். திருமுல்லைவாயிலில் நானும் கூட்டாளி தயாளனும் நடத்தும் பட்டறையில் இதற்குப் பெயர் ‘கம்பெனி ஃபிட்டிங்’. பழைய பிக்கப்புக்கு, அதே கம்பெனியின் மேல் மாடலில் வரும் சாமானைத் தேடிப் பிடித்து மாட்டுவோம். வண்டியை விற்கவும் மனசில்லாமல், ஓட்டவும் முடியாமல் தவிக்கிற புண்ணியவான்களே, இது உங்களுக்குத்தான்.

தோளும் வண்டியும்

காதர் பாய்க்குப் பூந்தமல்லியில் மெத்தைக் கடை. தைப்பதும் அவரே, பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவதும் அவரே. தோளில் ஆபரேஷன் ஆன பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்தால் உயிர் போகிறது என்றார். பொய்யில்லை, அந்த வண்டியை நின்ற இடத்தில் திருப்ப நானே பல்லைக் கடிக்க வேண்டும். ஐ.டி.யில் இருக்கும் மகன் ரஃபி, வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். பவர் ஸ்டீயரிங் போட்டு அப்பா வலியில்லாமல் ஓட்டிக் காட்டினால் வண்டி தங்கும், இல்லையென்றால் போகும் என்று இருவருக்கும் பேச்சு.

பாய் பானட்டைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இத்த வித்துட்டு ஊட்ல குந்திகினு நான் இன்னா நைனா பண்றது? நான் தச்ச மெத்தையில நானே பட்த்துக்கவா?”

புத்தகம் வந்தது

பவர் ஸ்டீயரிங்கோடு வந்த அந்தக் காலத்து மேல் மாடலுக்கு ரிப்பேர் மேனுவல் கிடைப்பது குதிரைக்கொம்பு. விற்கச் சொன்ன ரஃபியே அதை நெட்டில் தேடி இறக்கி, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தான். தயாளன் அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். அதிலிருந்த பார்ட் நம்பரை அப்படியே கொடுத்து, அம்பத்தூர் ஸ்பேர்ஸ் கடையில் சொல்லி பவர் ஸ்டீயரிங்குக்கான ஆயில் பைப்புகளை வரவழைத்தோம்.

வந்த பைப் உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஸ்டீயரிங் பெட்டி வலது பக்கம் இருக்கிறது, பைப்போ இடது பக்கம் போய் நிற்கிறது. திருப்பிப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் ரஃபிதான் முதல் பக்கத்துப் படத்தைக் காட்டினான். அதில் டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான வண்டியின் மேனுவல்! எனக்கு அழுகை வராத குறை. தயாளன் மட்டும் புத்தகத்தை மரியாதையாக மூடி வைத்தான்: “புக்கு கரீட்டாத்தான் கீது மாமே. நாமதான் தப்பான நாட்ல கீறோம்.”

எஃப்.சி.

நம் நாட்டுப் பைப்பைத் தேடி வாங்கி மாட்டி, எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, கொண்டுபோனோம். அது கிடைக்காமல் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. புதிதாக மாட்டியதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பில்லைப் பார்த்தார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். பிறகு வண்டிக்குப் பின்பக்கம் போனார்.

“எல்லாம் கம்பெனி மாதிரியே பண்ணிட்டீங்க, சரி. பின்னாடி ஒட்டுற, ராத்திரியில மின்னுற சிவப்பு ஸ்டிக்கர் எங்கய்யா?”

பட்டாபிராம் லோடு

ஸ்டிக்கரை ஒட்டி எஃப்.சி.யும் வாங்கியாயிற்று. பட்டாபிராமில் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுக்கு மெத்தை ஏற்றிக்கொண்டு பாய் முதல் ஓட்டம் கிளம்பினார். துணைக்குப் பக்கத்து சீட்டில் ரஃபி. எனக்கும் தயாளனுக்கும் வேறு வேலையே ஓடவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வண்டி திரும்பி வந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தவன் ரஃபி. தோள் தாங்கவில்லை, வண்டி விலைக்குப் போகப்போகிறது என்றே நினைத்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “வலிக்குதா பாய்?” என்றேன்.

“தோளு கும்முனு கீது நைனா. இவன்தான் ரயில்வே கேட்டாண்ட ‘கொஞ்சம் குடு அத்தா’ன்னு வாங்கினான், அப்பால ஸ்டீயரிங்க திருப்பியே தரமாட்டேங்கிறான்!”

பவர் ஸ்டீயரிங் மாட்டித் தருவதோடு எங்கள் வேலை முடிந்தது. அதை யார் பிடிப்பது என்ற சண்டைக்கு எந்தக் கம்பெனியிலும் சாமான் கிடையாது.