கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மாடு

அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை உற்று உற்றுப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்கிற தொழில் என்னுடையது. மத்திகிரியில் வாடகை வீடு. டிவி ஸ்டாண்டில் ஸ்கேனர், தரையில் டிவி. பழைய போட்டோவை ஸ்கேன் செய்து கப், தலையணை, சுவர்க்கடிகாரம் என்று எதில் கேட்டாலும் போட்டுத் தருவேன். வீட்டிலேயே கடை நடத்தி அவதிப்படுகிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மச்சானை எடுங்க

பேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரர் தன் கல்யாண போட்டோவைக் கப்பில் போடக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் மச்சான் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். "அவரை எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். ஆளை வெட்டிவிட்டுப் பின்னால் நீல வானம் போடுவதில் எனக்கு அப்போது பெரிய கர்வம்.

மறுவாரம் அவர் மனைவி கப்பும் கையுமாக வந்துவிட்டார். சத்தமே போடவில்லை. "எங்கண்ணன் அப்படியே இருக்கட்டும்க்கா. எடுக்கச் சொன்னாருல்லா, அவர எடுத்துருங்க."

நீல வானம்

அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கெலவரப்பள்ளி விவசாயி முனிராஜ் பிரேம் போட்ட ஒரு போட்டோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. திங்கட்கிழமை திதி. அதற்குள் போட்டோவைச் சுவர்க்கடிகாரத்தில் போட வேண்டும். அந்தம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே போட்டோ.

குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கிய மாட்டைக் கயிற்றில் பிடித்தபடி, பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார் அந்தம்மா. ஈரம் பட்டுப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்து, போட்டோவைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாமி படம் பக்கத்தில் மாட்டப்போகிற கடிகாரத்தில் மாடு எதற்கு என்று நானாகவே முடிவு செய்து, மாட்டை வெட்டி, வானத்தைப் போட்டேன்.

வியாழக்கிழமை வந்தவர் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா மாட்டப் பாத்துகினு சிரிச்சவம்மா அவ. இப்ப யாரப் பாத்து சிரிக்கிறா?"

துண்டில் இரண்டு

மாடு இருந்த ஸ்கேனைத் தேடினேன். அதே பெயரில் வானத்தை சேவ் செய்து தொலைத்திருந்தேன். நம்மில் யார் இந்தத் தப்பைச் செய்யவில்லை, சொல்லுங்கள்! போட்டோவை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா? ஒட்டியிருந்ததை மறந்து, "இந்தத் தடவை கண்ணாடியைக் கழட்டிட்டுக் கொண்டு வாங்க, இன்னும் பளிச்சுனு வரும்" என்று வேறு சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் துண்டைப் பிரித்தார். ஒரு பக்கம் போட்டோ, ஒரு பக்கம் கண்ணாடி. காகிதத்தில் அந்தம்மா முழுசாக இருந்தார். மாடு இருந்த இடம் வெள்ளை. மாடு உரிந்து கண்ணாடியோடு போய்விட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "நீங்க சொன்னீங்கன்னுதான் கழட்டனேன்" என்றார், அவ்வளவுதான். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மாடு காதும் கொம்புமாக அப்படியே தெரிந்தது. காகிதத்தைத் தனியாக, கண்ணாடியைத் தனியாக ஸ்கேன் செய்து இரண்டையும் ஒட்டினேன். கயிறுதான் படுத்தியெடுத்தது. அந்தம்மா கையிலிருந்து கிளம்பி மாட்டின் கழுத்துக்குப் போய்ச் சேரவே மாட்டேன் என்றது. சாயங்காலம் வரை அவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கடிகாரத்தைக் கையில் வாங்கிக் கயிற்றின் மேல் விரலால் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கயிறு கொஞ்சம் கோணதான். பரவால்ல, மாட்டப் பாத்துட்டா."

இப்போதெல்லாம் எந்தப் போட்டோ வந்தாலும் ஆடு, மாடு, மச்சான் எல்லோருக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.