நடவுப் பெண்களைத் திருப்பித் தைத்தேன்

சிங்கப்பூர் தேக்காவில், மாடியில், என் தையல் கடை. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறேன். கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர் என்று எல்லாவற்றையும் மூடியபோது, குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு நான் தூக்கி வந்தது ஒரு தையல் மெஷினும் ஒரு மூட்டை வெட்டுத்துணியும்தான். பட்டு, பருத்தி, ஜரிகை ஓரம், எல்லாம் உள்ளங்கை அகலத் துண்டுகள். குப்பையில் போட எனக்கு மனசு வராது.

கை சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். பாவம், அந்த முதல் வாரம் பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்தார்.

அப்போதுதான் சமையலறை ஜன்னலில் நின்று கீழே பார்த்தேன். வெட்ட ஆள் வராததால் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நடுநடுவே மஞ்சள் பூ, அதில் பட்டாம்பூச்சி. இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பது வயதாகிறது, இங்கே புல் இவ்வளவு வளரும் என்றே எனக்குத் தெரியாது! காற்றடித்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. ஒரு வயலைத் துணியில் தைத்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் மார்க்கெட் போய்த் திரும்பும்போது ஒரு பிடி புல் பறித்து வந்து, என்னிடமிருந்த பச்சைத் துண்டுகளோடு ஒத்துப் பார்த்தேன். பதினோரு பச்சை தேறியது.

"வயலா? நீ வெறுங்கால்ல புல்லுல கூட நடந்ததில்ல லா," என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

சுருக்கென்றது. பொய்யில்லைதான். தமிழ்நாட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் கல்யாணப் பட்டு வாங்க. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே! "கடை திறக்கிற அன்னிக்கு இதை வாசல்ல மாட்டுவேன். வயல்ல வளர்ந்த ஆளு பார்த்து சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா அன்னிக்கே கிழிச்சுப் போடறேன்," என்றேன். ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன்.

ஐந்து வாரம். கட்டில் விரிப்பு அகலத்துக்கு வயல். சேற்றுக்கு, வீட்டில் கிடந்த பேன்ட் தைக்கிற காக்கித் துணி. குனிந்து நாற்று நடும் ஒன்பது பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைப் பட்டு. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நட்டு முடித்த நாற்று, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் கைத்தையல். முன்னால் வெறும் சேறு. போட்டோ எடுத்து, என் கடைக்குக் கீழ்த்தளத்துக் காய்கறிக் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு அனுப்பினேன். தஞ்சாவூர்ப் பக்கம். அவன் அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறவர்.

குரலில் பதில் வந்தது. "அக்கா, சூப்பரா இருக்கு. ஆனா ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. நடவு நடுறவங்க பின்னாடி பின்னாடிதான் போவாங்க. நட்ட நாத்து முகத்துக்கு முன்னாடி இருக்கும். நீங்க முன்னாடி நடக்க விட்டுட்டீங்களே, நட்டதையே மிதிச்சிருவாங்கக்கா."

போனை சோபாவில் வீசினேன்.

"விடு லா, இங்க யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே!"

ரவிக்கையின் கைக்குழி கால் அங்குலம் பிசகினால் பிரித்துத் தைக்கிறவள் நான். நூற்றுக்கணக்கான நாற்றைப் பிரிக்க முடியாது. பெண்களைத்தான் திருப்ப வேண்டும். ஒன்பது பேரையும் பிரித்து எடுத்தேன். நாற்றைப் பார்க்கும்படி துண்டைப் புரட்டி வைத்தால் பட்டின் உள்பக்கம் மேலே வந்துவிட்டது. பளபளப்பு இல்லை, ஜரிகை இல்லை, நிறமெல்லாம் மங்கல். என் பட்டெல்லாம் பாழ் என்று அழுகையே வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். அட! சேற்றில் இறங்குகிறவள் யாராவது மினுக்குகிற பட்டு கட்டுவாளா? வெயிலில் வெளுத்த சேலை அதுதான். இப்போதுதான் ஒன்பது பேரும் வேலை செய்தார்கள்.

கடை திறந்த அன்று வாசலில் மாட்டினேன். தம்பி முகக்கவசத்தோடு வந்து நின்றான். கிட்டே போய் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தான். போனை எடுத்து அவன் அம்மாவை வீடியோவில் அழைத்து, படத்துக்கு நேரே பிடித்தான்.

"நாத்து முன்னாடி, கால் பின்னாடி. சரியாத்தான் இருக்கு," என்றது அந்தக் குரல். "அந்தக் கடைசி ஆளு என்னாட்டமே இடுப்புல கை வைக்கிறா பாரு. ஏம்மா, நீ எந்த ஊரு? எத்தனை வருசம் நடவுக்குப் போன?"

"சிங்கப்பூர்தாம்மா. வயல்ல கால் வச்சதே இல்ல. எங்க புளோக்குக் கீழ இருந்த புல்லைப் பார்த்துத் தச்சேன்."

"போம்மா, பொய் சொல்லாத!"

என்னைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்லி, நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு நாள்தான்.