எங்கள் கோர்ட்டில் யார் பெரியவர்

தொண்ணூறுகளின் நடுவில் தங்கவயலில் ஒரு கோர்ட்டில் நான் ஸ்டெனோ. சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். அங்கே மூன்று நீதிபதிகள். அவர்களில் ஒருவர் பெண், எங்களுக்கு அவர் ‘மேடம்’. தலைமையில் இருந்தவர் மாற்றலாகிப் போனதும் பொறுப்பு மேடத்துக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தோம். சர்வீஸில் அடுத்த சீனியர் அவர்தான். உத்தரவோ அவரைவிட வயதில் மிக இளையவரான இன்னொரு நீதிபதியின் பேருக்கு வந்தது. மேடம் ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை என்பது காரணம்.

மேடம் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு ஆட்சேபம் எழுதினார். ‘ஓய்வு பெறும் நாள் வரை நான் முழு நீதிபதி’ என்ற வரியை டைப் அடிக்கும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எங்கள் பியூன் டீத் தட்டோடு வராந்தாவில் தவித்தார்.

"இன்னாம்மா, எந்த ரூமுக்கு மொதல்ல போறது? இங்க போனா அவரு மொறைக்கிறாரு, அங்க போனா இவங்க மொறைக்கிறாங்க."

"ரெண்டு பேரும் கோர்ட்ல உக்காந்திருக்கும்போதே அவங்கவங்க ரூம் டேபிள் மேல வெச்சிட்டு வந்துடுங்கண்ணா."

கொஞ்ச நாள் இருவரும் ஆறின டீதான் குடித்தார்கள்.

ஒரு மத்தியானம், நான் டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது, இளையவரே மேடத்தின் அறைக்கு வந்தார். எழப்போன என்னை மேடம் உட்காரச் சொன்னார். அவர்கள் பேசியது கன்னடத்தில்.

"கொஞ்ச மாசத்துக்கு எதுக்கு மேடம் இந்தத் தலைவலி? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் தலைவலியை நான் பாத்துக்கறேன். வயசு கம்மின்னு சொல்லி உங்களைத் தாண்டிப் போயிருந்தா, நீங்க சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மேடத்தின் ஆட்சேபத்தை மேலிடம் ஏற்று, உத்தரவு மாறி வந்தது. மேடம் பொறுப்பேற்றார். இளையவரின் முகம் சுண்டித்தான் போனது. ஆனால் சாட்சி சொல்ல வருகிறவர்கள் வெயிலில் நிற்காமலிருக்க, பொறுப்பில் இருந்த நாட்களில் அவர் ஒரு கூரை போட ஏற்பாடு செய்திருந்தார். மேடம் அதை அவரிடமே விட்டார். "நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க." தூண் எங்கே நடுவது என்பதிலும் இருவரும் சண்டை போட்டார்கள்தான். இந்தத் தடவை நடுநடுவே சிரிப்பும் கேட்டது.

மேடம் ஓய்வு பெற்ற அன்று பொறுப்பு இளையவருக்குப் போனது. மாலையை அவர்தான் மேடத்துக்குப் போட்டார். மேடம் அழவில்லை, நன்றாக வேலை செய்தேன், சந்தோஷமாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். நானும் பியூனும் விழாவில் மிச்சமிருந்த மைசூர்பாகைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினோம்.